உங்கள் தலைமாட்டில் முளைத்த பருத்தி

என்னங்க,

வாழ்ந்த காலமெல்லாம் உங்களை இந்த ஒரு சொல்லால்தான் கூப்பிட்டேன். இப்போதும் அதுவே இருக்கட்டும். உங்கள் பெயரைக் கடிதத்தின் மேலே எழுதினால் அது வேறு யாருக்கோ எழுதியதுபோல் ஆகிவிடும்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. பத்திரிகையில் படம் போட்டு நான்கு வரி கொடுக்கலாம் என்று மூத்தவன் சொன்னான். அந்த வரிகள் எனக்குத் தெரியும். எல்லாருக்கும் பொருந்துகிற வரிகள், அதனால் உங்களுக்குப் பொருந்தாதவை. நான் கடிதமாகவே எழுதுகிறேன் என்றேன். பத்திரிகை வாங்குகிறவர்களும் படிக்கட்டும். அவர்கள் படித்தாக வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது.

போன மாதம்கூட நம் எஸ்டேட்டுக்குப் பக்கத்திலுள்ள பகாவ் பஸ் நிலையத்தில் யாரோ இறங்கி, "பருத்திச் சமாதிக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார்களாம். கோலா கிளாவாங்கிலிருந்து ஒரு குடும்பம் தேங்காய் பழத்தோடு வந்து வழி தெரியாமல் திரும்பிப் போயிருக்கிறது. அவர்கள் தேடி வந்த சமாதி உங்களுடையது. அவர்கள் தேடி வந்த செடி இப்போது அங்கே இல்லை. ஏன் இல்லை என்பதை ஊருக்குச் சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் படிக்கிறவர்களுக்காகத் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பாரோயில் மூத்தவன் வீட்டுக்குப் போவதாக இருந்தோம். அப்போதுதான் அந்தக் கம்பெனி வந்தது. பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்ச் செம்பனை நடுவதற்கு முன் சும்மா கிடந்த நிலத்தில் ஒரு மூலையை எஸ்டேட்டிடம் கேட்டு வாங்கி, வேலி போட்டு, வலை கட்டி, பருத்தி நட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உங்களிடம் கொடுத்தார்கள். குவாட்டர்ஸ் வீடும் நமக்கே என்று நிர்வாகம் விட்டுவிட்டது.

"இந்த ஈரத்தில் பருத்தியா? காய் அழுகிவிடாதா?" என்று கேட்டேன்.

"அழுகுனா அழுகட்டும். அவங்களுக்குப் பஞ்சு வேணாம், புழு சாகுதான்னு பார்க்கணும். சுத்துவட்டாரத்துல வேற பருத்தியே கிடையாது பாரு, அதனாலதான் இங்க வந்திருக்காங்க. மகரந்தம் பறந்து போனாலும் உக்கார இடம் இல்ல" என்றீர்கள்.

ஒரு வரிசை சாதாரணப் பருத்தி. அடுத்த வரிசை கம்பெனியின் பருத்தி. மண்ணில் வாழும் ஏதோ ஒரு கிருமியின் குணத்தை எடுத்து அந்த விதைக்குள் வைத்திருக்கிறார்கள் என்றும், இலையைத் தின்கிற புழு தானாகச் செத்துப்போகும் என்றும் நீங்கள் விளக்கினீர்கள். இரண்டு செடியும் பார்வைக்கு ஒன்றுதான். எது எது என்று புழுவுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனீர்கள். வலைக்குள் நுழைந்ததும் கண்ணை மூடச் சொன்னீர்கள்.

"என்ன கான்வென்ட்டு, கேக்குதா?" என்றீர்கள், நான் படித்த பள்ளியை வைத்துக் கேலியாக.

கேட்டது. இடது பக்கம் இலைமேல் மெல்லிய தூறல் விழுவதுபோல ஒரு சத்தம். வானம் காய்ந்து கிடந்தது. அது புழுக்கள் தின்னும் சத்தம் என்று சொன்னீர்கள். பிறகு என் தோளைப் பிடித்து வலது பக்கம் திருப்பினீர்கள். அங்கே ஒன்றுமே இல்லை. காது அடைத்துப்போனதுபோல இருந்தது. கண்ணைத் திறந்தால் இடது வரிசை கிழிந்த துணிபோலத் தொங்கியது. வலது வரிசை இலைகளில் ஒரு ஓட்டை இல்லை, மெழுகு பூசியதுபோல் பளபளத்துக்கொண்டு நின்றன. உங்களுக்குப் பெருமை. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. அதை அன்றைக்கே உங்களிடம் சொன்னேன்.

நமக்குள் சண்டை வந்தது அதற்காக அல்ல, ஒரு சொல்லுக்காக.

காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை சொல்லும்போது நீங்கள் அவர்களுக்கு விளக்கியதை நான் வாசலில் நின்று கேட்டேன். "இந்தச் செடிக்கு மருந்து அடிக்க வேணாம். மருந்து செடிக்குள்ளேயே இருக்கு" என்றீர்கள். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். நீங்கள் வீட்டுக்குள் வந்ததும் நான் சொன்னேன்: "மருந்து என்று சொல்லாதீர்கள். விஷம் என்று சொல்லுங்கள்."

"தோட்டத்துல எல்லாரும் மருந்துன்னுதானே சொல்றோம். களைக்கு அடிக்கிறது மருந்து, எலிக்கு வெக்கிறது மருந்து. மலாய்க்காரங்க கொசுவத்தியக்கூட ஊபாட்னுதான் சொல்றாங்க. ஊபாட்னா மருந்துதானே?"

"களைக்கு அடிக்கிறதை யாரும் குடிக்க மாட்டார்கள், நாற்றம் அடிக்கும். இது இலை. இதில் நாற்றம் கிடையாது."

"விஷம்னு சொன்னா நாளைக்கு எவ வேலைக்கு வருவா? மனுஷனுக்கு இது ஒண்ணும் செய்யாது. போய் தேத்தண்ணி போடு."

தேத்தண்ணி போட்டேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் ஒரு சொல் தப்பாக இருந்தால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வைப்பார். அப்படி வளர்ந்தவளை நீங்கள்தான் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டீர்கள். ஒன்றும் செய்யாது என்பது வேறு, மருந்து என்பது வேறு என்று அன்றைக்குச் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் சிரித்தீர்கள்.

சோதனை முடிந்ததும் கம்பெனியின் இளம் அதிகாரி கோலாலம்பூரிலிருந்து வந்தார். செடி, வேர், காய், பஞ்சு எல்லாவற்றையும் குழியில் போட்டு எரித்தார்கள். ஆறியதும் நீங்களே கம்பெடுத்துச் சாம்பலைக் கிளறிப் பார்த்தீர்கள். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு செடிகூட வெளியே போகாது. அது என் வாக்கு" என்று இங்கிலீஷில் சொன்னீர்கள். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். அதன் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. உங்கள் வாக்கு மட்டும் இங்கே தங்கிவிட்டது.

சில வாரங்களில் நீங்களும் போய்விட்டீர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் பத்திரிகையோடு சாய்ந்தீர்கள். நான் தட்டைக் கழுவிவிட்டு வந்தபோது பத்திரிகை கீழே கிடந்தது. அதைப்பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

நான் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். வெளியே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களைக் குளிப்பாட்டி, மூக்கிலும் காதிலும் வைக்கப் பஞ்சு கேட்டிருக்கிறார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது, டிரஸ்ஸர் லீவில் போயிருந்தார். அப்போது அஞ்சலை தொழிலாளர் லயத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பை நிறையப் பஞ்சு கொண்டுவந்திருக்கிறாள். அந்தப் பருத்தி வேலிக்குள் உங்களிடம் வேலை செய்தவள்தான் அவள். எரிப்பதற்கு முன்பே கோயில் விளக்குத் திரிக்கென்று எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். அவளுக்கு அது திருட்டாகப் படவில்லை. "ஐயா வளர்த்த பஞ்சு ஐயாவுக்கே ஆகட்டும்" என்று அழுதுகொண்டே கொடுத்தாளாம். கொட்டை எடுக்காத பஞ்சு.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. எப்படி என்றால், கருமாதியெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து ஒரு காலையில் அஞ்சலை மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

"கிராணியம்மா! ஐயா வந்துட்டாரு!"

"யார் வந்தது? ஒழுங்காகச் சொல்லு."

"நம்ம ஐயாதாம்மா. தலைமாட்டுல நிக்கிறாரு. வந்து பாருங்க லா."

இடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. நான் போனேன். மேட்டில் நவதானியம் முளைத்து, புழு அரித்து, வாடிக் கிடந்தது. அதற்கு நடுவில், உங்கள் முகம் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே, ஒரே ஒரு செடி முழங்கால் உயரத்துக்கு நின்றது. இலைகளில் ஒரு ஓட்டை இல்லை. மெழுகு பூசியதுபோல் பளபளத்தது.

அஞ்சலை பஞ்சைப்பற்றி அப்போதுதான் சொன்னாள். "மூக்குல வெச்ச பஞ்சும்மா. அதுல இருந்த கொட்டைதான். ஐயா மூச்சுல முளைச்சிருக்கு."

நான் அப்படி எதையும் சும்மா ஏற்றுக்கொள்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரு பருத்திக் கொட்டை மேலே வராது. மூத்தவனுக்குப் போன் போட்டேன். மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போனபோது விளக்குக்கு என்ன திரி போட்டீர்கள் என்று கேட்டேன். "அஞ்சலைக்கா குடுத்த பஞ்சுலதாம்மா திரிச்சோம். கொட்டையா இருந்துச்சு, பிச்சுப் பிச்சு அங்கேயே போட்டோம்" என்றான். அதுதான் விடை. நவதானியத்தோடு பருத்திக் கொட்டையும் விழுந்து முளைத்திருக்கிறது.

ஆனால் அத்தனை கொட்டை விழுந்த இடத்தில் ஏன் ஒன்றுதான் முளைத்தது? அது ஏன் அந்த இடத்தில்?

கம்பெனிக்குச் சொல்லிவிடலாம் என்று, நீங்கள் எழுதி வைத்திருந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். பருத்தி என்றதும், இது பல் டாக்டர் கிளினிக் என்றாள்.

அதற்குள் லயம் முழுவதும் பரவிவிட்டது. செடிமேல் எறும்பு ஏறாது என்றார்கள். நான் நின்று பார்த்தேன், ஏறியது. செடியில் மூச்சுச் சத்தம் கேட்கிறது என்றார்கள். காதைக் கொடுத்துக் கேட்டேன். சத்தம் இல்லை. சுற்றிலும் புல்லில் பூச்சிகள் இரைந்துகொண்டிருக்க, அந்தச் செடியின் பக்கம் மட்டும் காது அடைத்துப்போனதுபோல இருந்தது. வலது வரிசையின் அமைதி அது. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

பிறகு பூத்தது. முதல் நாள் வெண்ணெய் நிறம், மறுநாள் போனால் அதே பூ இளஞ்சிவப்பு. பருத்திப் பூ எங்கேயும் அப்படித்தான் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். ஆனாலும் அஞ்சலை விடவில்லை. "பாத்தீங்களா, அம்மா வந்தா ஐயாவுக்கு வெக்கத்துல மூஞ்சி செவக்குது!" என்று கேலி செய்தாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதனால்தான் நான் அதைப் பிடுங்கவில்லை. காலையில் அங்கே போவதும், நேற்றைய பூ என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பதும் என் வழக்கமாகிவிட்டது. செடி என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். திரும்பும்போது, "வரேங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அஞ்சலையின் மகள் செல்விக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை, பூஞ்சையாக இருந்தான். செல்விக்குப் பால் ஊறவில்லை. அந்த வாரம் அஞ்சலை சமாதியில் காய்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பம்மா இது வெடிக்கும்?"

"எதற்குக் கேட்கிறாய்?"

"கொட்டைய எடுத்து ஊறவெச்சு அரைச்சா பருத்திப்பால். எங்கம்மா மருதப் பக்கத்துலேருந்து வந்தவங்க, பிள்ளை பெத்தவளுக்கு அதத்தான் குடுப்பாங்களாம். தாய்ப்பால் பெருகிடும். அதுவும் இது சும்மா பருத்தியாம்மா? மருந்து உள்ளேயே இருக்கிற பருத்தி."

"யார் சொன்னது அப்படி?"

"ஐயாதாம்மா சொன்னாரு. பெரட்டுல."

அவள் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்னபடியே சொன்னாள்.

"அது அந்த மருந்து இல்லை, அஞ்சலை."

"எந்த மருந்துன்னாலும் ஐயா குடுக்கிறதுதானே. செல்விக்குத்தான் மொதல்ல. அப்புறம் மூட்டு வலிக்கு மாரியாயிக் கிழவி கேட்டிருக்கு."

காய்கள் வெடிக்கும் தறுவாயில் இருந்தன.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அந்த அமைதியை அடையாளம் கண்டிருந்தும் எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. வேலிக்குள் பாதி வரிசை சாதாரணப் பருத்தி. அஞ்சலை எந்த வரிசையில் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. உங்கள் தலைமாட்டில் நிற்பது சாதாரணச் செடியாக இருந்தால் உங்கள் வாக்குக்கு ஒன்றும் கேடில்லை. கொட்டையை யாரும் தொடாமல் நான் காயைப் பறித்துவிட்டால் போதும், செடி நிற்கலாம். நானும் தினமும் போகலாம்.

நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள் என்று பார்த்திருக்கிறேன். நம் கொல்லையில் வெண்டைக்காயைத் துளைத்துக்கொண்டிருந்த பச்சைப் புழுக்கள் இரண்டைப் பிடித்தேன். ஒரே அளவு, ஒரே செடியிலிருந்து எடுத்தவை. இரண்டு பிஸ்கட் டின். ஒன்றில் வெண்டை இலை, மற்றதில் உங்கள் இலை. ஆமாம், அப்போது அப்படித்தான் நினைத்தேன், உங்கள் இலை என்று. மேலே மெல்லிய துணி கட்டிச் சமையலறை மேசையில் வைத்தேன். அடிக்கடி இலை மாற்றினேன். ஒரு டின்னைப் போலவே மற்றதையும் பார்த்துக்கொண்டேன்.

உங்கள் இலையில் இருந்த புழு முதலில் ஓரத்தைக் கடித்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? "தின்னு" என்றேன். வாய்விட்டே சொன்னேன். "நல்லாத் தின்னுடா."

அது நிறுத்திக்கொண்டது. தலையை மட்டும் தூக்கி, யாரோ கூப்பிட்டதைக் கேட்பதுபோல அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே இருந்தது. பக்கத்து டின்னில் இருந்தது கொழுத்து, இலையைச் சல்லடையாக்கிக்கொண்டிருந்தது. தூறல் விழுவதுபோல அந்தச் சத்தம் சமையலறையில் கேட்டது. இந்த டின்னில் சத்தம் இல்லை. புழு சுருங்கி, கறுத்து, இலையிலிருந்து கழன்று விழுந்தது. அது தின்றது மொத்தமும் அந்த முதல் கடிதான்.

இனி என்ன செய்ய? நீங்கள் ஒரு மனிதரின் கையைப் பிடித்துச் சொன்ன வாக்கு. அந்த மனிதர் மறந்திருக்கலாம், கம்பெனி இல்லாமலே போயிருக்கலாம். நான் உங்கள் மனைவி, எனக்கு மறதி இல்லை. செல்வியின் பிள்ளை வேறு இருந்தான். அந்தக் கொட்டை அவனை ஒன்றும் செய்யாமலும் போயிருக்கலாம். மனிதருக்கு ஒன்றும் செய்யாது என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். ஒன்றும் செய்யாது என்று சொல்லப்படுவதைப் பிறந்த குழந்தையின் தாய்க்கு நான் கொடுக்க மாட்டேன்.

மறுநாள் காலை மண்வெட்டியும் வெட்டுக்கத்தியும் எடுத்துக்கொண்டு போனேன். யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு முன்பே பெண்கள் அங்கே நின்றார்கள். செடியில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். செல்வியும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது கத்தியோட?" என்றாள் அஞ்சலை.

"பிடுங்கப் போகிறேன்."

"ஐயாவையா?"

"செடியை."

"தாலி கட்டுன மனுஷன்மா! ஒரு தடவை போனது பத்தாதா? நீங்களே மறுபடியும் சாகடிக்கணுமா?"

"கான்வென்ட்ல படிச்சவங்களுக்கு இதெல்லாம் மூடநம்பிக்கை லா" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பதில் சொல்ல நான் அங்கே போகவில்லை.

உங்களோடு போட்ட சண்டையை அன்றைக்கு நான் ஜெயிக்க வேண்டியிருந்தது. உங்கள் தலைமாட்டிலேயே நின்று, உங்கள் காது கேட்கும் தூரத்தில் நின்று சொன்னேன்: "எல்லாரும் கேட்டுக்குங்க. இதுக்குள்ள இருக்கிறது மருந்து இல்ல. விஷம்."

செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து பின்னால் போனாள். அஞ்சலை மட்டும் நகரவில்லை. அவள் கேட்டதை நான் எழுதத்தான் வேண்டும்.

"அப்ப நான் ஐயா மூக்குல வெஷத்தையா வெச்சேன்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இல்ல அஞ்சலை. நீ வெச்சது பஞ்சு. இலையிலயும் கொட்டையிலயும்தான் அது இருக்கு. பஞ்சு வெறும் பஞ்சுதான். ஐயாவே எங்கிட்ட சொன்னது." உண்மையைத்தான் சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் அது. அவள் நம்பினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மண்வெட்டியை என்னிடமிருந்து வாங்கி அவள்தான் முதலில் கொத்தினாள்.

செடி சுலபமாக வரவில்லை. வேர் ஒன்றே ஒன்று, கிளையில்லாமல் நேராகக் கீழே போனது. தோண்டத் தோண்டப் போனது. அவ்வளவு சின்னச் செடிக்கு அவ்வளவு நீள வேர் எதற்கு? கை முழுவதையும் உள்ளே விட்டுத் தடவினேன். விரலுக்கு அடியிலும் அது போய்க்கொண்டிருந்தது, குளிர்ந்து, தடிப்புக் குறையாமல். அதற்குமேல் தோண்ட என்னால் ஆகாது. அதற்கும் கீழே இருப்பது நீங்கள். அங்கேயே கத்தியை வைத்து அறுத்தேன்.

செடியை, மஞ்சள் கயிற்றோடு, பழைய வேலிக் குழிக்குக் கொண்டுபோய் எரித்தேன். ஆறியதும் கம்பெடுத்துச் சாம்பலைக் கிளறிப் பார்த்தேன். ஒரு கொட்டையும் மிஞ்சவில்லை. உங்கள் வாக்கு நின்றது.

இனி இப்போதைய செய்திகள். செல்வியின் பிள்ளைக்கு பகாவிலிருந்து டின் பால் வாங்கிக் கொடுத்தோம். இப்போது தவழ்கிறான், கன்னம் கொழுத்துவிட்டது. நான் குவாட்டர்ஸைக் காலி செய்து பாரோய்க்கு வந்துவிட்டேன். மருமகள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். தேத்தண்ணியில் சீனி அதிகம். சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சொன்ன சொல்லும் ஊரில் தங்கிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் பந்து எடுக்கக்கூட உங்கள் பக்கம் வருவதில்லை. "வெஷச் சமாதி" என்கிறார்கள். ஒரு சொல்லைத் திருத்தப் போய் உங்களைத் தனியாக விட்டுவிட்டேனோ? வெளியூர்க்காரர்கள் மட்டும் பழைய கதையைக் கேட்டுக்கொண்டு இன்னும் வருகிறார்கள். அவர்களுக்குத்தான் இதைப் பத்திரிகையில் எழுதுகிறேன். செடி இல்லை, கொட்டை இல்லை, மருந்து இல்லை. அங்கே இருப்பவர் ஒரு நேர்மையான கிராணி. கும்பிட வருகிறவர்கள் வரலாம். பயப்பட ஒன்றுமில்லை.

வெண்டை இலை டின்னில் இருந்த புழுவை நான் கொல்லவில்லை. மண் போட்டு வைத்தேன், கூடு கட்டி, ஒரு நாள் பழுப்பு நிற விட்டிலாக வந்தது. டின்னோடு பஸ் ஏறி வந்து, பொழுது சாயும் நேரத்தில் விளக்கேற்றி, உங்கள் தலைமாட்டில் திறந்துவிட்டேன். கடையில் வாங்கிய திரிதான். விட்டில் விளக்கை ஒரு தடவை சுற்றியது. பிறகு மண்மேல், செடி நின்ற அந்த இடத்தில் உட்கார்ந்து, இறக்கையை விரித்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தது. நான் கிளம்பும்வரை அங்கேதான் இருந்தது.

போன வாரம் வந்தபோது அதே இடத்தில் மண் லேசாக வெடித்து மேலே எழும்பியிருந்தது. எறும்பாக இருக்கலாம் என்று விரலால் கிளறினேன். எறும்பு இல்லை. அவ்வளவு ஆழத்தில் அறுத்த வேரிலிருந்து பருத்தி துளிர்க்காது என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னது எல்லாமும் சரியாக இருந்ததில்லை.

ஆகவே இந்த வாக்கை நான் தருகிறேன். நடக்க முடிகிறவரை வாரம் தவறாமல் பாரோயிலிருந்து பஸ் ஏறி வருவேன். துளிர்த்திருந்தால் அறுப்பேன். மறுபடி துளிர்த்தால் மறுபடி அறுப்பேன். அதற்கு முன் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அதை மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கத்தியை வேறு ஒருவரிடமும் கொடுக்க மாட்டேன். என் கை தவிர வேறு கை உங்கள்மேல் படாது.

வரேங்க.

உங்கள் மனைவி,
உங்களுக்கு மட்டும் "கான்வென்ட்டு"